கண் முகாம் பயணங்கள்: பெட்டியில் எதை ஏற்றுவது, எதை இறக்கிவைப்பது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேவைச் சங்கங்கள் குழுவாக வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்று கண் முகாம் நடத்திய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. இத்தனை பேருக்குப் பரிசோதனை, இத்தனை பேருக்குக் கண்ணாடி என்று இரண்டு எண்களோடு செய்தி முடிந்துவிடுகிறது. மூன்று மாதம் கழித்து அந்தக் கண்ணாடிகளில் எத்தனை மூக்கின் மேல் இருக்கின்றன, எத்தனை அலமாரியில் தூங்குகின்றன என்ற எண்ணை எவரும் கேட்பதில்லை. அந்த மூன்றாவது எண் பெரும்பாலும் பெட்டி கட்டும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பயணத்துக்குத் திட்டமிடும் சங்கத்தினர் கையில் வைத்துக்கொள்ளும்படி சில விவரங்களை எழுதுகிறேன். கடிதம் நீளும், ஆனால் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

கண் பணி சேவைச் சங்கங்களுக்குப் புதிதல்ல. 1917-இல் தொடங்கிய லயன்ஸ் இயக்கத்தின் மாநாட்டில், 1925-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹெலன் கெல்லர் வந்து பேசிக் கேட்டுக்கொண்டதிலிருந்து பார்வை அவர்களுடைய தலையாய பணியாயிற்று. 1990-இல் தொடங்கிய சைட்ஃபர்ஸ்ட் திட்டம் அதன் தொடர்ச்சி. தேவையும் குறையவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பார்வை அறிக்கையின்படி, கிட்டத்திலோ தூரத்திலோ பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் குறைந்தது 220 கோடி பேர். இவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் கிடப்பது. அதிலும் பெரும் பங்கு, சுமார் 82.6 கோடி, வெள்ளெழுத்து. அறுவை வேண்டாம், மருந்து வேண்டாம், ஒரு ஜோடி படிக்கும் கண்ணாடி போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் இவர்கள்.

முதலில், பலருக்குக் கசக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகச் சேகரித்த பழைய கண்ணாடிகளைப் பெட்டி பெட்டியாக ஏற்றிச் செல்வதை நிறுத்த வேண்டும். கொடுப்பவரின் நல்லெண்ணத்தில் குறையில்லை, கணக்குத்தான் இடிக்கிறது. ஒருவருக்குக் கண்ணாடி பொருந்த வலக்கண் பவர், இடக்கண் பவர், சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடும் பவர்) இருந்தால் அதன் அளவு, அது நிற்கும் கோணம், இரு கருமணிகளுக்கும் இடையிலுள்ள தூரம், முகத்துக்கேற்ற ஃப்ரேம் என ஆறேழு அளவுகள் ஒன்றாக ஒத்துவர வேண்டும். இன்னொருவரின் கண்ணுக்காகச் செய்த கண்ணாடியில் இவை அத்தனையும் ஒத்துவருவது அபூர்வம். இருப்பதில் நெருக்கமானதைக் கொடுத்தால் அன்றைக்குச் சற்றுத் தெளிவாகத் தெரியும். இரண்டாம் நாள் தலைவலி, மூன்றாம் நாள் அலமாரி. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், நன்கொடையாக வந்த 275 கண்ணாடிகளைச் சோதித்ததில் பயன்படும் நிலையில் இருந்தவை 7 சதவீதம் மட்டுமே. கீறல், உடைந்த கை, அளவுக்கு மீறிய சிலிண்டர் என்று மற்றவை கழிந்தன. கழுவி, லென்ஸின் பவரைக் காட்டும் லென்சோமீட்டரில் அளந்து, ஒட்டுச்சீட்டு எழுதி, சரக்குக் கட்டணமும் கட்டி முடிக்கும்போது, தேறுகிற ஒரு ஜோடிக்கு ஆகும் செலவு புதிய ஆயத்தக் கண்ணாடியின் செலவைத் தாண்டிவிடுகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. பார்வையிழப்புத் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐஏபிபியும் மறுபயன்பாட்டுக் கண்ணாடிகள் வேண்டாம் என்றே சொல்கிறது. சேகரிப்பு இயக்கத்தைக் கைவிட மனமில்லாத சங்கங்கள் அதே தெருக்களில் கண்ணாடிக்குப் பதில் பணமாகத் திரட்டலாம். அது சுமைக் கட்டணம் இல்லாமல் ஊர் போய்ச் சேரும்.

அப்படியானால் எதை எடுத்துச் செல்வது? வெள்ளெழுத்துக்கு இரு கண்ணிலும் ஒரே பவர் கொண்ட புதிய ஆயத்தக் கண்ணாடி. இதன் பலனுக்கு நல்ல சான்று உண்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், படிக்கும் கண்ணாடி பெற்றவர்களின் இலை பறிக்கும் அளவு பெறாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. புத்தகம் படிக்காதவருக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்கும் தன்னார்வலர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊசியில் நூல் கோப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, மாத்திரை அட்டையைப் பார்ப்பது, கைப்பேசியில் எண் அழுத்துவது எல்லாம் கிட்டத்து வேலைதான்.

பவரைப் பொறுத்தவரை +1.00 முதல் +3.00 வரை 0.50 இடைவெளியில் ஐந்து வகை போதும். நூறு கண்ணாடி எடுத்தால் +1.00-இல் 15, +1.50-இல் 25, +2.00-இல் 30, +2.50-இல் 20, +3.00-இல் 10 என்று தொடங்கலாம். வருபவர்களின் வயது கூடினால் பவரும் கூடும் என்பதால், முன்பதிவுப் பட்டியலைப் பார்த்து இதை மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லா பவரையும் சம எண்ணிக்கையில் வாங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இரண்டாம் நாள் மதியத்துக்குள் +2.00 தீர்ந்துபோய், மிஞ்சியிருக்கும் +3.00-ஐ யாருக்காவது மாட்டிவிடும் சபலம் வந்துவிடும். பவர் கூடிப்போனால் புத்தகத்தை மூக்கருகே கொண்டுவந்தால்தான் தெரியும். வயதை வைத்து ஊகிப்பது தொடக்கத்துக்கு மட்டும்: 45-க்கு +1.00 அல்லது +1.50, 55-க்கு +2.00, 60-க்கு மேல் +2.50. பிறகு 40 செ.மீ. தூரத்தில் கிட்டப்பார்வை அட்டையைப் பிடிக்கச் சொல்லி, தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த பவரைக் கொடுக்க வேண்டும். தையல்காரரும் தச்சரும் வேலை பார்க்கும் தூரம் 40 செ.மீ.யாக இருக்காது. அவர்கள் வழக்கமாகக் கை வைக்கும் தூரத்தில் பார்க்கச் சொன்னால் சில நேரம் 0.50 குறைந்துவிடும்.

முன்னதாகத் தூரப் பார்வையைச் சோதித்தாக வேண்டும். தூரத்துக்கும் பவர் உள்ளவருக்கு வயதுக் கணக்கு பொருந்தாது. −2.00 கிட்டப்பார்வை (தூரத்தில் மங்கும் குறை) உள்ள 50 வயதுக்காரர் கண்ணாடி இல்லாமலே நன்றாகப் படிப்பார், அவருக்கு +2.00 கொடுத்தால் உள்ளதும் கெடும்.

தூரப் பார்வைச் சோதனை எளிது என்று எண்ணித்தான் அதைப் பயிற்சி இல்லாதவர்களிடம் விடுகிறார்கள். தன்னார்வலர்கள் செய்யக்கூடிய வேலைதான் அது. ஆனால் அரை நாள் பயிற்சி தேவை. அட்டை 6 மீட்டருக்கு உரியதா, 3 மீட்டருக்கு உரியதா என்று அதன் அடியில் அச்சிட்டிருக்கும். தூரத்தைக் காலடியால் அளக்கக் கூடாது. அளந்து முடிச்சுப் போட்ட கயிறோ டேப்போ வேண்டும், அட்டையிலிருந்து நாற்காலியின் முன்கால் வரை அல்ல, அமர்பவரின் கண் வரை. 6 மீட்டர் அட்டையை இடமில்லை என்று 4 மீட்டரில் மாட்டினால், 6/12 மட்டுமே (இயல்பான கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்) தெரியும் கண் 6/9 வரியைப் படித்துவிடும். கண்ணாடி தேவைப்படும் ஒருவர் நலம் என்ற சீட்டோடு வீடு போவார். சன்னலுக்கு நேர் எதிரே, கண் கூசும் வெளிச்சத்துக்கு முன்னால் அட்டையை மாட்டுவதும் அப்படித்தான். எழுத்தறியாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் நான்கு திசையில் திரும்பும் ‘ஈ’ அட்டை. ஒரு வரியில் ஐந்துக்கு நான்கு சரியாக இருந்தால் அந்த வரி தேறியதாகக் கொள்ளலாம். எப்போதும் வலக்கண் முதலில் என்று வைத்துக்கொண்டால் பதிவேட்டில் கண் மாறாது. கண்ணைக் கையால் மூடச் சொன்னால் பிள்ளைகள் விரலிடுக்கில் பார்ப்பார்கள். கண்ணை மறைக்கும் அட்டைக் கரண்டி கொடுக்க வேண்டும். கண்ணைச் சுருக்க விடவும் கூடாது. சுருக்கிய இமையே ஒரு சிறு துளைபோல வேலை செய்து, இல்லாத பார்வையை இருப்பதாகக் காட்டும்.

அந்தத் துளையை நாமே வைத்துப் பார்ப்பதுதான் பின்ஹோல் சோதனை. முகாம் பெட்டியில் மிக மலிவான, மிகப் பயனுள்ள பொருள் அது. ஏறத்தாழ 1.2 மி.மீ. துளையிட்ட ஒரு மறைப்பு. 6/18 தெரிந்த கண் பின்ஹோல் வழியாக 6/9 வரை போனால் குறை பவரில் இருக்கிறது, கண்ணாடிப் பிரிவுக்கு அனுப்பலாம். கொஞ்சமும் கூடவில்லை, அல்லது குறைந்துவிட்டது என்றால் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ வேறு நோயோ இருக்கலாம். மருத்துவரிடம் போக வேண்டும். இந்த ஒரு சோதனையைத் தவறவிடும் முகாம்களில் புரை நோயாளிகள் கண்ணாடி வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, ட்ரையல் லென்ஸ் ஒவ்வொன்றாக மாற்றியும் ஒன்றும் தெரியாமல், யாருடைய நேரமும் மிச்சமாகாமல் திரும்புகிறார்கள்.

பவர் பார்க்கும் மேசைதான் எந்த முகாமிலும் நெருக்கடியான இடம். பார்வைச் சோதனை ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம். முறையாகப் பவர் பார்க்கப் பத்து முதல் பதினைந்து நிமிடம். பவர் பார்க்கப் பயின்ற ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட் ஒரு நாளில் 35 பேரை ஒழுங்காகப் பார்க்கலாம். மூன்று பேர் இருந்தால் நூற்றுச் சொச்சம். இந்தக் கணக்கைப் போடாமல் ஆயிரம் பேருக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு, மாலையில், பவரைத் தானாக அளக்கும் ஆட்டோரெஃப் இயந்திரம் கக்கும் சீட்டை அப்படியே கண்ணாடிக் கடைக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டு ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே. ட்ரையல் ஃப்ரேமில் லென்ஸ் வைத்து, ‘இதுவா, அதுவா’ என்று கேட்டு முடிவு செய்த பவர்தான் கண்ணாடியாக வேண்டும். மொழி தெரியாத ஊரில் இந்தக் கேள்விக்கு நல்ல மொழிபெயர்ப்பாளர் தேவை. ‘இரண்டாவதுதானே நன்றாக இருக்கிறது?’ என்று பதிலையும் சேர்த்துக் கேட்பவர் வாய்த்தால், அன்றைய பவர்கள் எல்லாம் அவருடைய பவர்களாகிவிடும். இயந்திரத்தையும் ஒவ்வொரு நாள் காலையும் அதனுடன் வரும் மாதிரிக் கண்ணில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பயணத்தில் குலுங்கியது காட்டும் எண்ணை நம்புவதற்கில்லை. கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் அளக்கும் ரெட்டினோஸ்கோப் தெரிந்த ஒருவராவது குழுவில் இருப்பது நல்லது. மின்சாரம் போனாலும், இயந்திரம் படுத்தாலும், பேசத் தெரியாத குழந்தை வந்தாலும் வேலை நடக்கும். அதற்கு மாற்று பல்பு இரண்டு மறக்கக் கூடாது.

சிறுவர் விஷயத்தில் இயந்திரம் ஒருபடி மேலாக ஏமாற்றும். குழந்தையின் கண் அருகிலுள்ள கருவிக்குள் பார்க்கும்போது தானாகக் குவிந்துகொள்வதால், இல்லாத மைனஸ் காட்டும், இருக்கும் ப்ளஸ் மறையும். ப்ளஸ் தேவைப்படும் குழந்தைக்கு மைனஸ் கண்ணாடி போய்ச்சேர்வது இப்படித்தான். குவிக்கும் தசையைத் தளர்த்தும் சைக்ளோபென்டோலேட் சொட்டு மருந்து விட்டு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கழித்துப் பார்ப்பதே முறை. இதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். பெற்றோரின் சம்மதம் முன்பே வேண்டும். அன்று முழுவதும் கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும் என்று பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எழுதியும் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் முகாமுக்குப் போய்ப் பிள்ளையின் கண் கெட்டது என்ற பேச்சு மறுநாளே பரவும். பள்ளிப் பிள்ளைகளின் லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ள பெரியவர்களுக்கும் அதுவே. ஃப்ரேம் நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இது செல்லம் கொடுப்பதல்ல. பிடிக்காத ஃப்ரேமை வகுப்பில் எந்தப் பிள்ளையும் போடுவதில்லை.

தூரத்துக்கு ஆயத்தக் கண்ணாடி கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரு கண்ணின் பவர் வித்தியாசம் 0.50-க்குள், சிலிண்டர் 0.75-க்குள் என்றால் கொடுக்கலாம். அதற்கு மேல் அளவெடுத்துச் செய்ததுதான். காரணம் எளிய கணக்கு. லென்ஸின் மையம் கருமணிக்கு நேரே இல்லாவிட்டால் லென்ஸ் ஒளியைத் திருப்பும் ஒரு பட்டகமாக வேலை செய்யும். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும். கருமணித் தூரம் 60 மி.மீ. உள்ளவர் 70-க்குச் செய்ததைப் போட்டால் ஒவ்வொரு கண்ணிலும் அரை சென்டிமீட்டர் விலகல். பவர் 1.50 என்றால் கண்ணுக்கு 0.75 பட்டகம், பெரும்பாலோர் சமாளிப்பார்கள். பவர் 4.00 என்றால் கண்ணுக்கு 2, இரு கண்ணுக்கும் சேர்த்து 4. கண்ணிரண்டும் நாள் முழுக்க இழுபறியில் இருக்கும். எனவே தூரக் கண்ணாடி எதுவானாலும் கருமணித் தூரத்தை அளந்து எழுதாத சீட்டை ஏற்கக் கூடாது.

அளவெடுத்த கண்ணாடிகள் முகாமன்று கிடைக்காது. இரண்டு மூன்று வாரம் ஆகும். முகாமில் நல்ல பெயர் எடுத்த குழுக்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பெட்டி வந்து சேரும், உரியவர்கள் வர மாட்டார்கள். கூலி வேலை, பேருந்துச் செலவு, கைப்பேசி எண் மாறியது என்று காரணங்கள் உண்டு. வழங்கும் நாளைப் பரிசோதனை நாளிலேயே குறித்து, இடத்தைப் பக்கத்துப் பள்ளி அல்லது சுகாதார நிலையமாக வைத்து, முதல் நாள் தொலைபேசியில் நினைவூட்ட வேண்டும். சங்க உறுப்பினர்களுக்கு மிகப் பொருத்தமான வேலை இதுதான். வந்த கண்ணாடிகளை லென்சோமீட்டரில் சரிபார்த்து, எழுதிய பவரிலிருந்து 0.12-க்கு மேல் விலகியதையும், சிலிண்டர் கோணம் தவறியதையும் கடைக்கே திருப்ப வேண்டும். காதுக்குப் பின் வளைவைச் சரிசெய்யாமல் கையில் கொடுத்து அனுப்பினால் குனியும்போது விழும், ஒரு வாரத்தில் உடையும். சிறு திருகாணிகள், மூக்குத் தாங்கிகள், நகைக்கடைத் திருப்புளி, ஃப்ரேமைச் சூடாக்க ஏதாவது ஒன்று, இவை கைப்பையில் இருக்கட்டும். ஃப்ரேமின் கையில் 50-18-140 என்று அச்சிட்டிருக்கும் எண்கள் லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கை நீளம். எடுத்துச் செல்லும் இருப்பில் சிறுவருக்கு 42 முதல் 46, பெரியவருக்கு 48 முதல் 54 வரை கலந்து இருக்க வேண்டும். புதிதாகச் சிலிண்டர் போட்டவருக்குத் தரை சாய்ந்ததுபோல் தெரியும், சில நாளில் பழகும். பைஃபோகல் போட்டவர் படி இறங்கும்போது தலையைத் தாழ்த்திக் கண்ணாடியின் மேல்பாதி வழியாகப் பார்க்க வேண்டும். இவை இரண்டையும் சொல்லாமல் கொடுத்த கண்ணாடிகள்தாம் அதிகம் திரும்பி வருகின்றன.

இனிக் கண்புரை. இதில் பயணக் குழுக்கள் கத்தியைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பள்ளிக் கூடத்தையோ மண்டபத்தையோ அறுவை அரங்காக மாற்றும் காலம் போய்விட்டது. அறுவைக்கு முன் கண்ணில் 5 சதவீதப் போவிடோன் அயோடின் கிருமிநாசினி விடுவது முதல், ஒவ்வொரு தொகுப்புக் கருவிக்கும் கிருமிநீக்கச் சான்று வரை, ஒரு நிலையான மருத்துவமனையில்தான் ஒழுங்காக நடக்கும். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரும் அப்படியே. கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மி.மீ. தவறினால் பவர் இரண்டரை டயாப்டருக்கு (பவரின் அலகு) மேல் பிசகும். எல்லோருக்கும் ஒரே பவர் லென்ஸ் என்பது அந்தக் காலத்து முகாம்.

இதைவிடப் பெரியது, அறுவைக்குப் பின்னால் வருவது. கண்ணுக்குள் கிருமித் தொற்று வந்தால் பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் காட்டும்: வலி, சிவப்பு, பார்வை குறைதல். அன்றே ஊசி மூலம் கண்ணுக்குள் மருந்து போகாவிட்டால் கண் போய்விடக்கூடும். அறுவை செய்தவர் மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டால், ஐந்தாம் நாள் வலியோடு வருபவரை யார் பார்ப்பது? மறுநாள், ஒரு வாரம், நான்கு முதல் ஆறு வாரம் என்ற மூன்று சந்திப்புகளும், கடைசிச் சந்திப்பில் கொடுக்க வேண்டிய கண்ணாடியும் சேர்ந்ததே ஒரு புரை அறுவை.

மதுரையில் 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்தப் பங்கீட்டை நெடுநாளாக நடத்திக் காட்டுகிறது. ஊரில் இடம் பிடிப்பது, அறிவிப்பது, கூட்டி வருவது உள்ளூர் அமைப்பின் பொறுப்பு, பரிசோதனையும் அறுவையும் மருத்துவமனையின் பொறுப்பு, அறுவை மருத்துவமனைக்குள்ளேதான். சங்கத்தின் பலம் வண்டி, ஆள், தொடர்பு, நினைவூட்டல். அதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. புரை கண்டறிந்தவரிடம் ‘மருத்துவமனைக்குப் போங்கள்’ என்று சீட்டு மட்டும் கொடுத்தால் பலர் போக மாட்டார்கள். தேதி, வண்டி, கூட வருபவர், உண்ணும் மருந்துகளின் பட்டியல், இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இவ்வளவும் அன்றே பேசி முடித்தால் போவார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் அதைத் தானாக நிறுத்திவிட்டு வரக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

முகாமில் பிடிபடாதவை பற்றியும் ஒரு வார்த்தை. கண் நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமாவில் நடுப்பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும்; 6/6 படிப்பவருக்கும் அது இருக்கலாம். காற்றடித்து அளக்கும் கண் அழுத்தமானி இயல்பான 10 முதல் 21-க்குள் காட்டியது என்பதாலும் நோய் இல்லை என்றாகாது, கண் நரம்பைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைச் சோதனை வேண்டும், முகாமில் படமெடுக்கும் கருவி இல்லாவிட்டால் மருத்துவமனையில். ஆகவே முகாம் சீட்டில் ‘கண் நலம்’ என்று எழுதவே கூடாது. ‘பார்வைச் சோதனை மட்டும் செய்யப்பட்டது’ என்று எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு வேறு சில முன்னேற்பாடுகள் உண்டு. சொந்த நாட்டுப் பதிவு இருந்தால் எங்கும் மருத்துவம் பார்க்கலாம் என்பதில்லை; போகும் நாட்டின் மருத்துவ மன்றத்திடம் தற்காலிக அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். சுங்கத்துக்குப் பொருள்வாரியான பட்டியல், எண்ணிக்கை, மதிப்பு, உள்ளூர்க் கூட்டாளி அமைப்பின் கடிதம் தேவை. திரும்பக் கொண்டுவரும் கருவிகளுக்கு, அந்த நாடு ஏற்றால், ஏடிஏ கார்னே எனும் தற்காலிகச் சுங்க ஆவணம் உதவும். கொடுத்துவிட்டு வரும் கண்ணாடிக்கும் மருந்துக்கும் அது செல்லாது. நன்கொடை மருந்துகள் போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓர் ஆண்டு மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மருந்துக் கடைகள் கழித்துக் கட்டும் சரக்கை அன்போடு ஏற்றுக்கொள்ளும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். லேட்டனோப்ரோஸ்ட் போன்ற சொட்டு மருந்து, திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. வழியில் குளிர்பெட்டி இல்லையென்றால் எடுத்துச் செல்லவே வேண்டாம். உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், சரக்கில் அல்ல. 100 முதல் 160 வாட்-மணி வரை உள்ளதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. கையடக்க ஆட்டோரெஃபையும் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. 110 வோல்ட் கருவியை 230-இல் செருகி முதல் மணி நேரத்திலேயே புகைய விடுவது இன்னமும் நடக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பே ஒரு சிறு பயணம் வேண்டும். இரண்டு மூன்று பேர் போதும். அருகில் எந்த மருத்துவமனை புரை அறுவை செய்கிறது, வாரத்தில் எந்த நாள், யார் கண்ணாடி செய்கிறார், பெண்களும் முதியவர்களும் எந்த இடத்துக்கு வர முடியும், அறுவடைக் காலமா, பள்ளித் தேர்வா என்று பார்த்து வருவதற்கு. ரோட்டரி அறக்கட்டளையின் குளோபல் கிராண்ட் நிதிக்கு விண்ணப்பிக்கும் சங்கங்கள் சமூகத் தேவை மதிப்பீட்டை இணைத்தாக வேண்டும் என்பது விதி. அதைப் படிவம் நிரப்பும் சடங்காகச் செய்கிறவர்கள்தாம் பிறகு ஆளில்லாத பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஊரில் ஒரு சிறிய கண்ணாடிக் கடைக்காரர் இருந்தால் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக ஆயிரம் கண்ணாடியை இறக்கினால் அவர் கடையை மூட வேண்டியதுதான். அடுத்த மாதம் திருகாணி கழன்றவர் எங்கே போவார்?

பதிவேடு தாளில் இருந்தாலும் போதும், முழுமையாக இருக்கட்டும். பெயர், வயது, இரண்டு தொலைபேசி எண்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் கண்ணாடிக்கு முன்னும் பின்னும் பார்வை, பவர், கருமணித் தூரம், கொடுத்த நாள். உலக சுகாதாரப் பேரவை 2021-இல் ஏற்ற இலக்குகள், 2030-க்குள் பார்வைப் பவர் குறைக்கான சிகிச்சை சென்றடையும் விகிதத்தில் 40 சதவீதப் புள்ளியும் புரை அறுவை சென்றடையும் விகிதத்தில் 30 சதவீதப் புள்ளியும் உயர்வு. சிகிச்சை பெற்றவர்கள் அத்தனை பேரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. உண்மையில் நல்ல பார்வை பெற்றவர்கள் மட்டுமே வருவார்கள். நம் பதிவேடும் அப்படி இருக்கலாம். மூன்று மாதம் கழித்து நூற்றுக்கு இருபது பேரைக் குலுக்கலில் எடுத்து அழைத்து, இப்போது போட்டிருக்கிறீர்களா, இல்லையென்றால் ஏன் என்று கேட்டு எழுதினால் போதும். உடைந்தது, தொலைந்தது என்ற பதில்கள் நிறைய வந்தால் ஃப்ரேமைப் பாருங்கள். தலைவலி என்றால் பவர் பார்த்தவரையும் கருமணித் தூரத்தையும். கேலி செய்கிறார்கள் என்றால் அந்தப் பள்ளியில் ஆசிரியரிடம் பேச வேண்டும். செய்தி அனுப்பும் சங்கங்களிடம் இந்த எண்ணையும் கேட்டு வெளியிடுமாறு ஆசிரியர் அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

கிளம்பும் நாளில் மிஞ்சியதைப் பற்றி: பிரிக்காத ஆயத்தக் கண்ணாடிகளைப் பவர்வாரியாக எண்ணி, பட்டியலோடு, கிட்டப்பார்வை அட்டை ஒன்றும் சேர்த்து உள்ளூர் சுகாதாரப் பணியாளரிடம் கையொப்பம் வாங்கி ஒப்படைக்கலாம். திறந்த சொட்டு மருந்து எதையும் விட்டு வரக்கூடாது. கருவியை நன்கொடையாக விட்டு வருவதானால், அதைப் பழுது பார்ப்பவர் அந்த நாட்டில் யார், அச்சுத்தாளும் பல்பும் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு விடுங்கள். பதில் இல்லையென்றால் திரும்பக் கொண்டுவந்துவிடுவது மேல்.

இப்படிக்கு,
கண் முகாம்களில் பார்வைப் பரிசோதனைப் பணி செய்யும் வாசகர் ஒருவர்